உங்களுக்குத் தெரியுமா? மனச்சிதைவும் நோய் எதிர்ப்பாற்றலும்

■ இல்லாத குரல் கேட்பது, காரணமற்ற சந்தேகம், எதிலும் நாட்டமின்மை ஆகியவை மனச்சிதைவு நோயின் அறிகுறிகள். இந்நோய் உள்ளவர்கள் பலரது ரத்தத்தில் இன்டர்லூகின்-6, சி.ஆர்.பி. ஆகிய அழற்சிப் புரதங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கின்றன.

■ இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிப் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது. 9 வயதில் இன்டர்லூகின்-6 மிகுந்திருந்தவர்களில், 18 வயதில் மாயக்குரல் போன்ற அனுபவங்களைச் சொன்னவர்கள் அதிகம்.

■ ‘சி4’ என்பது அழிக்க வேண்டிய கிருமிகளுக்கு அடையாளமிடும் எதிர்ப்புப் புரதம். வளரும் மூளையில் வேண்டாத நரம்பிணைப்புகளைக் கவாத்து செய்யவும் அது உதவுகிறது. இந்தப் புரதத்தை அதிகம் சுரக்கச் செய்யும் மரபணு வகைகள் மனச்சிதைவு அபாயத்தைக் கூட்டுவதாக 2016-ல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் கண்டனர். பதின்பருவத்தில் கவாத்து மிதமிஞ்சிப் போவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

■ 2007-ல் விவரிக்கப்பட்ட ‘என்.எம்.டி.ஏ. ஏற்பி’ மூளை அழற்சியில், உடலின் எதிர்ப்புப் புரதங்களே மூளையைத் தாக்குகின்றன. பார்வைக்கு மனச்சிதைவு போலத் தோன்றும் இந்நோய், எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையால் பெரும்பாலோருக்குக் குணமாகிறது.

கவனிக்க: ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து மனச்சிதைவைக் கண்டறிய இன்னும் வழியில்லை. மனநல மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ கூடாது.