நெட்வொர்க் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறியா?

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் உள்ள போல்டரை மற்றொன்றில் இசட் டிரைவாக மேப் செய்து வைத்திருக்கிறீர்கள். காலையில் கம்ப்யூட்டரை இயக்கியவுடன், நெட்வொர்க் டிரைவ்களுடன் மீண்டும் இணைக்க முடியவில்லை என்று ஒரு செய்தி. திறந்து பார்த்தால் இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி!

டபுள் க்ளிக் செய்தால் திறக்கிறதே என்று பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் குடும்பப் போட்டோக்களின் பேக்கப் அந்த டிரைவுக்குத்தான் செல்கிறதா? டிரைவ் இணையாத நேரத்தில் பேக்கப் ஓடினால் எதுவும் பதிவாகாது. ஹார்ட் டிஸ்க் பழுதாகும் நாளில்தான் அது நமக்குத் தெரியவரும்.

முதலில் ஒரு சோதனை. கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கி ஒரு நிமிடம் கழித்து அந்த டிரைவில் டபுள் க்ளிக் செய்யுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

1. டிரைவ் திறக்கிறது: இது நேரப் பிரச்சினை. நெட்வொர்க் தயாராகும் முன்பே விண்டோஸ் டெஸ்க்டாப்பைக் காட்டிவிடுகிறது. வைஃபை இணைப்பில் இது அதிகம். தீர்வு, சற்றுத் தாமதமாக இணைப்பதுதான். இசட் டிரைவில் ரைட் க்ளிக் செய்து டிஸ்கனெக்ட் கொடுங்கள். நோட்பேடில் ஆங்கிலத்தில் நெட் யூஸ் என டைப் செய்து, இடைவெளி விட்டு இசட், கோலன். மீண்டும் இடைவெளி விட்டு இரண்டு பின்சாய்வுக் கோடுகள், கம்ப்யூட்டர் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, போல்டர் பெயர். மற்றொரு இடைவெளி விட்டு முன்சாய்வுக் கோடு, பர்சிஸ்டன்ட், கோலன், நோ என முடியுங்கள். இதை பேட்ச் பைலாக சேவ் செய்யுங்கள். டாஸ்க் ஷெட்யூலரில், லாகான் ஆகி 30 விநாடிகள் கழித்து இந்த பைல் இயங்குமாறு அமையுங்கள். அங்கு 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' என்பதில் டிக் செய்ய வேண்டாம். செய்தால் டிரைவ் எக்ஸ்புளோரரில் தெரியாமல் போகலாம்.

2. பாஸ்வேர்ட் கேட்கிறது: போல்டர் உள்ள கம்ப்யூட்டரின் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் தந்து, நினைவில் வைக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். பலர் இங்கே பின் எண்ணைத் தந்து ஏமாறுகிறார்கள். பின் எண் அந்தந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரியது, நெட்வொர்க்கில் செல்லாது. பழைய பாஸ்வேர்ட் பதிவாகி இருந்தால், கண்ட்ரோல் பேனலில் கிரெடன்ஷியல் மேனேஜர் சென்று அதை நீக்குங்கள்.

3. பாதை கிடைக்கவில்லை என்கிறது: மற்ற கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலையில் உள்ளதா எனப் பாருங்கள். ஐபி எண்ணைத் தந்து மேப் செய்திருந்தால் அந்த எண் மாறியிருக்கலாம். கம்ப்யூட்டர் பெயரைத் தந்து மேப் செய்யுங்கள். பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி என்றால், அது எஸ்எம்பி 1 முறையை மட்டுமே அறிந்ததாக இருக்கலாம். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709 முதல், புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது இந்த முறை சேர்க்கப்படுவதில்லை. பெட்டிக்கு பர்ம்வேர் அப்டேட் உள்ளதா எனத் தேடுங்கள். எஸ்எம்பி 1 முறையைத் திரும்ப இயக்குவது எளிதுதான். ஆனால் 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

சரி செய்தபின் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பின்னர் இசட் டிரைவைத் திறந்து, கடைசி பேக்கப் பைலின் தேதியையும் பார்த்துவிடுங்கள். அது போன மாதத் தேதியாக இருந்தால், இன்றே ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள்.