பணியாளர் ஏந்திய வாள்

கதைகளில் வரும் வேலைக்காரர்களுள் ஒரு வகையினர் நம் மனத்தை எளிதில் கவர்கின்றனர். நாள்தோறும் எசமானுக்குப் பணிவிடை செய்து ஒதுங்கி நிற்பர். ஆபத்து நேர்ந்த கணத்தில் ஒப்பற்ற வீரராக எழுவர். அடங்கிக் கிடந்த ஆற்றல் திடீரென வெளிப்படுவதே இக்கதைகளின் சுவை. ஆனால் அவ்வீரத்தின் பெருமை இறுதியில் யாரைச் சேருகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராயிட் நகர வானொலியில் ‘கிரீன் ஹார்னெட்’ என்னும் தொடர் நாடகம் தொடங்கியது. முகமூடியணிந்து குற்றவாளிகளை மடக்கும் பத்திரிகை அதிபர் ஒருவரே அதன் தலைவர். அவருக்கு வீட்டுப் பணியாளனாகவும் வண்டியோட்டியாகவும் விளங்கியவன் காட்டோ. 1966இல் அக்கதை தொலைக்காட்சிக்கு வந்தபோது, காட்டோவாக நடித்த புரூஸ் லீயின் போர்க்கலையே காண்போரை ஈர்த்தது. எனினும் தொடரின் பெயர் எசமானுடைய புனைபெயராகவே இருந்தது.

நம் தமிழ்த் திரையில் 1995இல் வெளிவந்த ‘முத்து’ படத்தை அறியாதார் இலர். சமீன் மாளிகையின் ஊழியனான முத்து, பலரை ஒருவனாக நின்று வெல்கிறான். பின்னர் அவனே அச்சொத்துக்கு உரிய வாரிசு என்று தெரிகிறது. வீரம் உடையவன் வேலைக்காரனாகவே இருத்தல் பொருந்தாது எனக் கதை கருதியது போலும்!

பிம்ப்ரியில் குடியேறி வாழும் நமக்கு, இதற்கு மாறானதொரு வரலாற்றை இம்மராட்டிய மண்ணே சொல்கிறது. 1659ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், மகாபலேசுவரத்தை அடுத்த பிரதாப்கட் கோட்டையின் அடிவாரத்தில் சிவாஜியும் பீஜப்பூர்த் தளபதி அப்சல்கானும் சந்தித்தனர். தழுவுவது போல் தொடங்கிய சந்திப்பு கைகலப்பாயிற்று. கானின் மெய்காவலன் சையத் பண்டா சிவாஜியின்மீது வாளை ஓங்கினான். அக்கணமே ஜீவா மகாலா பாய்ந்து அவனை வெட்டி வீழ்த்தினார். ஜீவா நாவிதர் குலத்தவர் என்பது மராட்டிய மரபு. ‘ஜீவா இருந்தான், அதனால் சிவா பிழைத்தான்’ என்னும் பொருளுடைய பழமொழி இன்றும் மராத்தியில் வழங்குகிறது.

அடுத்த ஆண்டு, 1660இல், பன்ஹாளா கோட்டை முற்றுகையிடப்பட்டது. சிவாஜியின் தோற்றத்தை ஒத்திருந்த சிவா காசித் என்பவர், மன்னரைப் போல் உடையணிந்து பல்லக்கில் ஏறிப் பகைவரிடம் அகப்பட்டு உயிர் நீத்தார் என்பர். அவரும் நாவிதரே. அவர் ஈந்த அவகாசத்தில் சிவாஜி தப்பிச் சென்றார்.

இவ்விருவரையும் அரச குலத்தவராக்கிப் பெருமைப்படுத்த மக்கள் முயலவில்லை. மழிக்கும் கத்தியும் போர் வாளும் ஒரே குலத்தின் கைகளில் இருக்கக்கூடும் என்பதை அவர்கள் இயல்பாக ஏற்றனர். மன்னரின் பெயரோடு பணியாளரின் பெயரையும் சேர்த்தே நினைவில் வைத்தனர்.

பிழைப்பை நாடி வந்த நம்மவருள் பிறர் இல்லங்களில் சமைப்போரும், வண்டி ஓட்டுவோரும், வாயிற்காவல் புரிவோரும் உளர். அவர்தம் திறமைக்கு மறைந்திருக்கும் உயர்குலம் எதுவும் காரணமாக வேண்டுவதில்லை. செய்யும் தொழிலைக் கொண்டு ஒருவரின் ஆற்றலை அளந்துவிடாமல், அவரைப் பெயர் சொல்லி மதிக்கும் பண்பையே ஜீவாவின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.