கதிரை பழுதன்று, கயிறே பழுது

யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையொன்றை மனக்கண்முன் கொண்டுவருவோர், அங்கே ஒரு சாய்மனைக் கதிரையையும் கூடவே காண்பர். கைச்சட்டங்கள் நீண்டிருக்க, நடுவிலே பிரம்புப் பின்னலோ தடித்த துணியோ தொய்ந்திருக்க, வீட்டுப் பெரியவர் அதிற் சாய்ந்து பத்திரிகை படிக்கும் காட்சி நம்மிற் பலருக்கு இளமையிலேயே பழகியதொன்று. ‘கதிரை’ என்னும் சொல் போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர், 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்து போயினர். சொல் மட்டும் நம் வீடுகளிலே தங்கிவிட்டது.

இந்நாளில் அவ்விறாந்தைகள் சிலவற்றில் வேறொரு வகைச் சாய்மனைக் கதிரை இடம்பிடித்திருக்கின்றது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் முதிய பெற்றோருக்கென அன்போடு வாங்கி வைப்பது அது. குழாய்ச் சட்டம் ஒன்று, வலைபோன்ற செயற்கைத் துணி ஒன்று, இரண்டையும் சுற்றிவரப் பிணைக்கும் மீள்கயிறு ஒன்று. இவ்வளவே அதன் உறுப்புகள். சாய்பவரின் உடலுக்கு இசைய அக்கயிறு நெகிழ்ந்து கொடுப்பதாற் சுகம் மிகுதி. ஆயின், அக்கதிரையின் உயிரும் அக்கயிற்றிலேயே இருக்கின்றது.

சென்ற ஆண்டு நமது ஒழுங்கையில் வாழும் முதியவர் ஒருவர் அத்தகைய கதிரையிற் சாய்ந்த கணத்திலே, ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து நிலத்தில் வீழ்ந்தார். முழங்கை உரசியதோடு தப்பினாரெனினும், அன்றுமுதல் விறாந்தைக்கு வருவதையே விட்டுவிட்டார். அறைக்குள்ளே கட்டிலிற் கிடந்தார். தெருவாற் போவோருடன் பேசும் பேச்சும் நின்றுபோயிற்று. கதிரையோ கோடிப்புறத்து வேலியோடு சாத்தப்பட்டது. பிள்ளைகள் தொலைபேசியிலே, “வேறொன்று வாங்கித் தருகிறோம்” என்றனர். பார்க்கச் சென்ற நம்மிடம் பெரியவர் சொன்னார்: “தம்பி, எனக்கு வேறை வேண்டாம். கதிரை பழுதில்லை, கயிறுதான் பழுது. அதை மாத்த ஒருத்தரும் இல்லையோ?”

அவ்வினா நம்மைச் சுட்டது. ஏனெனில், நாம் திருத்திப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவர். 1990 முதற் சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினாற் பல பண்டங்கள் வரவுமில்லை. ஜாம் போத்தலினுள்ளே பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்ட விளக்கொளியிற் படித்தோம். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது நாமும் தென்மராட்சிக்குச் சென்றோம். மறு ஆண்டு வீடு திரும்பிய வேளை, தந்தையாரின் சாய்மனைக் கதிரையிலே மரச்சட்டம் மட்டும் எஞ்சியிருந்தது. துணி மழையில் இற்றுப்போயிருந்தது. தந்தையார் பழைய துவிச்சக்கரவண்டி ரியூப்புகளை நீளவாட்டிற் பட்டி பட்டியாக வெட்டிச் சட்டத்திற் குறுக்கே இழுத்துக் கட்டினார். தம் இறுதிக்காலம் வரையும் அதிலேதான் சாய்ந்திருந்தார்.

மீள்கயிறு அறுவது ஏன் என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று. கயிற்றின் உள்ளே மெல்லிய இறப்பர் இழைகள் பல உள. புறத்தே நெய்த நூலுறை. இறப்பர் மரம் பிறேசில் நாட்டுக்குரியது. ஹென்றி விக்கம் என்பார் 1876இற் கொண்டுவந்த விதைகள் இலண்டனிலுள்ள கியூ பூங்காவில் முளைக்க, அக்கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. பண்படுத்தாத இறப்பர் வெப்பத்தில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்குமென 1839இற் சாள்ஸ் குட்இயர் கண்டார். வல்கனைசுப்படுத்தல் என்று நாம் கற்பிப்பது இதனையே. நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கந்தகம் இடையிடையே பிணைத்து வைப்பதால், இழுபட்ட இறப்பர் பழைய நிலைக்கு மீளுகின்றது.

அச்சங்கிலிகளை வெயிலிலுள்ள கழியூதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் மெல்ல மெல்ல அறுக்கின்றன. இழுபட்டு நிற்கும் இறப்பரில் வெடிப்பு இன்னும் விரைவாக ஏற்படும். முற்றத்து வெயிலிற் கிடக்கும் கதிரையின் கயிறு, புறவுறை நன்றாயிருக்கவே உள்ளே இற்றுப்போகலாம். பெரியவரை வீழ்த்தியது இந்த மறைந்த பழுதே. ஆகவே, விரலாற் கயிற்றை இழுத்துவிட்டுப் பார்த்தல் வேண்டும். அது சுருங்காமற் தளர்ந்து நின்றாலோ, சில இடம் தடித்தும் சில இடம் மெலிந்தும் இருந்தாலோ, அதன் காலம் முடிந்ததென அறிக.

நாமும் உயர்தர வகுப்பு மாணவர் இருவரும் ஒரு சனிக்கிழமை அவ்வேலையிற் புகுந்தோம். கயிறு கோத்திருந்த ஒழுங்கைக் கழற்றுமுன்னரே தாளில் வரைந்துகொண்டோம். சட்டத்தை நன்னீராற் கழுவித் துருவை அரத்தாளாற் தேய்த்து வர்ணம் பூசினோம். பழைய கயிற்றின் அதே தடிப்பில், வெயிலைத் தாங்கும் பொலியெஸ்ரர் உறையிட்ட கயிற்றை வாங்கி, வலத்துக்கும் இடத்துக்கும் ஒரே அளவில் வெட்டினோம். வெட்டிய நுனி பிரியாதிருக்க மெழுகுதிரிச் சுடரிற் காட்டினோம்.

அறுந்த பக்கத்தை மட்டும் மாற்றினாற் போதாதோ என்று மாணவன் ஒருவன் வினவினான். போதாது. புதிய கயிறு விறைப்பாகவும் பழையது தளர்ந்தும் நிற்குமாயின், துணி ஒரு பக்கம் சரியும். பழையது அடுத்து அறும். ஒருங்கே பாரம் தாங்குபவை ஒருங்கே மாற்றப்படல் வேண்டும். துணியின் துளைகளூடாகக் கயிற்றை முதலிலே தளர்வாகக் கோத்து, பின் நடுவிலிருந்து இரு முனைகளையும் நோக்கிச் சிறிது சிறிதாக இழுத்தோம். ஒரேயடியாக இழுத்தால் இழுவை ஓரிடத்திலே குவிந்துவிடும்.

முடிந்ததும் பெரியவரை அழைக்கவில்லை. இருபத்தைந்து கிலோ அரிசி மூடைகள் மூன்றைக் கதிரையில் ஏற்றி ஓர் இரவு விட்டோம். மறுநாட் காலை முடிச்சுகள் இளகாதிருந்தன. மாணவன் ஒருவன் இருந்து காட்டினான். பெரியவர் சட்டத்தைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். “இனி விழமாட்டன் எண்டு சொல்லுறீரோ, தம்பி?” என்று கேட்டார். ஆண்டுக்கு இருமுறை, பங்குனி வெயிலுக்கு முன்னும் ஐப்பசி மழைக்கு முன்னும், கயிற்றை வந்து பார்ப்போம் என்று வாக்களித்தோம். அதன்பின்னரே சாய்ந்தார்.

அன்று நாம் செலவிட்டது ஒரு பகற்பொழுது. கையிலே வசதி வந்தபின் திருத்தும் பழக்கத்தை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காது விட்டோமே என்னும் எண்ணம் மாத்திரம் நம்மை விட்டகலவில்லை. அவ்விரு மாணவரும் இப்பொழுது அடுத்த வீட்டுக் கதிரையைப் பற்றி விசாரிக்கின்றனர். வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டுப் பெரியவர் சாயும் கதிரையின் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.