அடித்து எழுதிய கணக்கு

போன மாசம் மளிகைக் கடையில் நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. பற்று நோட்டில் 'நல்லெண்ணெய் அரை லிட்டர்' என்றிருந்ததை அடித்து, 'ஒரு லிட்டர்' என்று திருத்தியிருந்தது. "கணக்கிலே கை வைக்கிறீங்களா அண்ணாச்சி?" என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் நின்றால்தானே! வீட்டுக்கு வந்தால் சின்னவன் சொல்கிறான்: "அரை லிட்டர் பத்தாதுன்னு மாத்தி வாங்கிட்டு வரச் சொன்னியேம்மா!"

அன்று ராத்திரி, காலேஜில் சரித்திரம் படிக்கும் என் மகளிடம் சொல்லிப் புலம்பினேன். "இதே மாதிரி ஒரு கதை அமெரிக்காவிலே நடந்திருக்கும்மா" என்று அவள் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

ராபர்ட் கெய்ன் என்பவர் இங்கிலாந்தில் விண்ட்சர் என்ற ஊரில் 1595-ல் பிறந்தவர். அப்பா கசாப்புக் கடைக்காரர். பையன் லண்டனில் ஒரு வியாபாரியிடம் தொழில் பழகி, கையூன்றிக் கர்ணம் போட்டு முன்னுக்கு வந்தார். 1635-ல் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி, அமெரிக்காவில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த பாஸ்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். கையில் இரண்டாயிரம், மூவாயிரம் பவுண்டு. அங்கே கடை வைத்தார்.

ஆணி, நூல், பொத்தான் எல்லாமே கப்பலில் வந்தாக வேண்டிய ஊர் அது. விலை ஏறாமல் என்ன செய்யும்? ஆனால் அங்கே குடியேறியவர்கள் மதக் கட்டுப்பாடு மிகுந்தவர்கள். அதிக லாபம் அவர்களுக்குப் பாவம். 1639-ல் கெய்னைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ் சரக்குக்கு 6 பென்ஸுக்கு மேல் லாபம் வைத்தார், சில சில்லறைச் சாமானில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார் என்று புகார். அபராதம் 200 பவுண்டு! அது பிறகு 80 ஆகக் குறைந்தது. சர்ச்சிலும் கண்டித்தார்கள். எல்லார் முன்னிலையிலும் அழுதுகொண்டே தம் பேராசையை ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஒரு புகார் மட்டும் அவர் மனசில் முள்ளாய்த் தைத்தது. ஆணி விற்ற கணக்கைத் திருத்திவிட்டார் என்பதுதான் அது. வாங்கினவர் முதலில் சின்ன ஆணி வாங்கி, வேலைக்குப் பத்தாது என்று திருப்பிக் கொடுத்துப் பெரிய ஆணி எடுத்துப் போனாராம். அதனால்தான் புத்தகத்தில் 6 என்றிருந்ததை 8 ஆக்கினேன் என்றார் கெய்ன். என் எண்ணெய்க் கணக்கேதான்!

அதோடு விட்டதா? ஒரு பன்றியால் வேறு வம்பு வந்தது. 1636-ல் வழிதவறி வந்த ஒரு பெண் பன்றி அவரிடம் சேர்ந்தது. ஊரில் பலமுறை தண்டோரா போட்டும் ஏறக்குறைய ஒரு வருஷம் யாரும் உரிமை கேட்கவில்லை. பிறகு அவர் தம்முடைய சொந்தப் பன்றியைக் கொன்றார். அதற்கப்புறம் ஷெர்மன் என்பவரின் மனைவி வந்து பார்த்தாள். தவறி வந்த பன்றியில் அவள் சொன்ன அடையாளம் இல்லை. "அப்படியானால் கொன்றதுதான் என்னுடையது" என்றாள். பாவம், புருஷன் இங்கிலாந்தில். தனியாகக் குடும்பம் நடத்துகிறவளுக்கு ஒரு பன்றி என்றால் லேசா?

கோர்ட்டில் கெய்ன் பக்கமே தீர்ப்பானது. ஆனால் விலையில் கசந்திருந்த ஜனங்களின் மனசு அவள் பக்கம். 1642-ல் வழக்கு குடியேற்றத்தின் பொதுச்சபைக்கே போய் ஏழு நாள் நடந்தது. நீதிபதிகளில் பெரும்பாலோர் அவருக்கும், ஊர்ப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் அவளுக்கும் நின்றார்கள். இந்த இழுபறியில்தான் 1644-ல் சபையே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பன்றி செய்த வேலையைப் பாருங்கள்!

காசு சேர்ந்தும் கெய்னுக்கு மனசு ஆறவில்லை. 1653-ல் உயில் எழுத உட்கார்ந்தவர் 158 பக்கம் எழுதினார். பாதி சொத்து, மீதி சமாதானம். பழைய ஆணிக் கணக்கைக்கூட விளக்கியிருக்கிறார். 1656-ல் காலமானார். அபராதம் போட்ட அதே ஊருக்கு, சந்தையும் நூலகமும் கொண்ட பொதுக்கட்டடம் கட்ட 300 பவுண்டு வைத்திருந்தார். 1658-ல் அது எழும்பியது. 1711-ல் தீயில் எரிந்துபோக, அதே இடத்தில் 1713-ல் கட்டியதுதான் இன்றும் நிற்கும் பழைய அரசு மாளிகை.

அவர் லாபம் வைத்தது நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. அதற்கு அவரே அழுதார். செய்யாததற்குப் பட்ட பழிதான் பதினாலு வருஷம் கழித்தும் அவரைப் பேனா பிடிக்க வைத்தது.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போனேன். யார் எதிரில் கேட்டேனோ, அதே மாதிரி நாலு பேர் இருக்கும் நேரம் பார்த்து, "தப்பு என் மேலேதான் அண்ணாச்சி" என்றேன். "விடுங்கம்மா" என்று சிரித்தார். ஆனால் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

சகோதரிகளே, பற்று நோட்டை மாசக் கடைசி வரை விடாமல், சாமான் வாங்கும்போதே பாருங்கள். மாற்றி வாங்கினால் உங்கள் எதிரிலேயே எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் தனியாகக் கேளுங்கள். காசு போனால் திரும்பி வரும். கெட்ட பேரைத் திருப்பி எடுக்க 158 பக்கமும் பத்தாது.