அறிவுக் களஞ்சியமும் அடைத்த கதவும்

களஞ்சியம் நிறைந்திருக்கும்போதும் நாட்டிற் பஞ்சம் தோன்றுவதுண்டு. தானியத்தைப் பெறும் வகையற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. அறிவின் விஷயமும் இத்தகையதே. மனித குலம் பன்னெடுங்காலமாகத் தேடிய அறிவிற் பெரும்பகுதி இன்று இணையம் என்னும் களஞ்சியத்திற் குவிந்து கிடக்கின்றது. மருத்துவம், உழவு, சட்டம், சந்தை விலை, பழைய பரீட்சை வினாத்தாள் ஆகிய யாவும் அங்குண்டு. ஆயினும் அக்களஞ்சியத்தின் கதவு எல்லோருக்கும் ஒரேவகையாகத் திறப்பதில்லை.

இக்குறை புதியதன்று. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் முயற்சியால், சேர் டொனால்ட் மெயிற்லண்ட் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைந்து உலகின் தொலைபேசி நிலைமையை ஆராய்ந்தது. 1985 ஆம் ஆண்டில் வெளியான அதன் அறிக்கை பலரையும் திடுக்கிடச் செய்தது. அப்பொழுது உலகில் இருந்த 60 கோடித் தொலைபேசிகளுள் நான்கில் மூன்று பங்கு ஒன்பது நாடுகளிலேயே இருந்தன. தோக்கியோ என்னும் ஒரு நகரில் இருந்த தொலைபேசிகளின் தொகை, ஆபிரிக்கக் கண்டம் முழுவதிலும் இருந்தவற்றின் தொகையிலும் அதிகமாயிருந்தது!

பின்னர் இணையம் வந்தது, கைத்தொலைபேசி வந்தது. பள்ளம் மாத்திரம் தூர்ந்தபாடில்லை. அதே ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 260 கோடி மக்கள் இணையத்தைப் பயன்படுத்தாதவராயிருந்தனர். செல்வ நாடுகளில் நூற்றுக்கு 93 பேர் அதனைப் பயன்படுத்த, வறிய நாடுகளில் 27 பேரே பயன்படுத்தினர். உலக நகரங்களில் நூற்றுக்கு 83 பேர்; கிராமங்களிலோ 48 பேர்.

இலவசக் கல்வியும் புதிய கட்டணமும்

நமது நாட்டைச் சிறிது நோக்குவோம். சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி இங்கு நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லையென்றாயிற்று. கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. குடியானவன் மகனும் கனவான் மகனும் ஒரே பரீட்சைக்கு அமரும் காலம் பிறந்தது.

2020 மார்ச்சில் கொரோனா நோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, இச்சமத்துவம் எத்துணை மெல்லிய நூலிலே தொங்கியது என்பது வெளியாயிற்று. பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வரலாயின. ஆசிரியருக்குக் கட்டணமில்லை, கருவிக்கும் இணைப்புக்கும் கட்டணமுண்டு. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரேயொரு கைத்தொலைபேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்டால் மூவருக்கும் அன்று பாடமில்லை.

பணம் இருந்தவர்க்கும் அலை எட்டாத இடங்கள் பல இருந்தன. 2021 இல் பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதியில், பெரியோர் துணையோடு பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறி, தரையிலிருந்து ஏறத்தாழ 30 அடி உயரத்தில் அமைந்த மரக்குடிலில் இருந்து பாடம் கற்ற செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. அப்பிள்ளைகளின் ஊக்கத்தை மெச்சுதல் தகும். ஆனால், கொழும்பிலே தன் வீட்டு மேசையில் இருந்து கற்ற பிள்ளைக்கும் மரத்தின் மீதிருந்து கற்ற பிள்ளைக்கும் வினாத்தாள் ஒன்றே என்பதை மறத்தலாகாது.

தோட்டப்பகுதிகளின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. இலவசக் கல்வி 1945 இல் வந்தபோதிலும், தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேயாம். அரசாங்கத்தின் கணனி அறிவுக் கணக்கெடுப்புகளிலும் நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்றனுள் தோட்டமே கடைசியில் நிற்கின்றது. முதல் வரிசையிற் பின்னே நின்றவர் இரண்டாம் வரிசையிலும் பின்னே நிற்கின்றனர்.

கொத்மலை காட்டிய வழி

ஆயின், ஆளுக்கொரு கருவியைக் கொடுத்துவிட்டால் குறை தீருமோ? தீராது. உலகின் இணையத்தளங்களுள் ஏறத்தாழப் பாதி ஆங்கிலத்தில் உள்ளன. கதவு திறந்தும் உள்ளே பேசும் மொழி விளங்காவிட்டாற் பயனென்ன?

யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் வாசிகசாலைகளை மூத்தோர் அறிவர். பத்திரிகை ஒன்றே வரும். எழுத்தறிந்த ஒருவர் உரத்து வாசிப்பார். சுற்றியிருப்போர் கேட்பர், வினாவுவர், விவாதிப்பர். ஒரு பிரதி ஊருக்கே அறிவூட்டியது. வள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார் அன்றோ?

இம்முறையையே மலைநாட்டில் ஒரு வானொலி புதுக்கியது. கொத்மலையில் 1989 இல் ஒரு சமூக வானொலி தொடங்கப்பெற்றது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு அந்நிலையத்திற்கு இணைய இணைப்புக் கிடைத்தது. நேயர்கள் தம் ஐயங்களைக் கடிதத்திலும் தொலைபேசியிலும் அறிவிப்பர். ஒலிபரப்பாளர் விடையை இணையத்தில் தேடி, விஷயமறிந்தோரை அருகிருத்தி, சிங்களத்தில் எளிதாக விளக்குவர். கணனியைக் கண்ணாற் காணாத உழவனும் தன் வினாவிற்கு உலகத்தின் விடையைத் தன் மொழியிலே கேட்டான். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் இணையத்தைப் பயன்படுத்த வசதி செய்யப்பட்டது.

2005 முதல் நாடெங்கும் அமைந்த நெனசல நிலையங்களும் இந்நோக்கத்தில் எழுந்தவையே. கோயில்களிலும் நூலகங்களிலும் கணனிகள் வைக்கப்பட்டன. 2014 இல் அத்திட்டத்திற்கு அமெரிக்காவின் கேற்ஸ் அறக்கட்டளை 10 இலட்சம் டொலர் பரிசளித்தது.

இவ்விரண்டிலிருந்தும் நாம் பெறும் பாடம் ஒன்றே. கருவி, இணைப்பு, மொழி, வழிகாட்டி ஆகிய நான்கும் ஒருங்கே அமைதல் வேண்டும். முதலிரண்டும் பணத்தால் வருவன. பின்னிரண்டும் மனத்தால் வருவன. நூலகத்திலும் சனசமூக நிலையத்திலும் ஒரு கணனி இருக்குமாயின், கிழமையில் ஒரு மாலையேனும் ஆங்கிலம் அறிந்த மாணவர் ஒருவர் அங்கமர்ந்து, அயலவர் கேட்பதைத் தேடித் தமிழிற் சொல்லலாம். மருந்துச் சீட்டின் பொருளை அறிய விரும்பும் தாய்க்கும், விண்ணப்பப் படிவத்தைக் கண்டு மருளும் தொழிலாளிக்கும் அது பேருதவியாகும். அன்று பத்திரிகையை உரத்து வாசித்தவர் செய்த பணியை இன்றைய மாணவர் மேற்கொள்வாராக. கதவு திறக்கும்வரை காத்திராமல், உள்ளே சென்றவர் ஒரு பிடி தானியத்தை வெளியே கொண்டுவந்து பகிர்தலே முறை.