பட்டறையில் உருளும் பகடை

நுழையும்முன்

கணினி விளையாட்டில் ஒருவர் தம் வாளை மேம்படுத்த முயல்கிறார். ஒருமுறை வாள் கூர்மை பெறுகிறது. மறுமுறை முயற்சி வீணாகிறது. தோல்வியைச் சில விளையாட்டுகளில் இயல்பாக ஏற்றுக்கொள்ளும் அவர், வேறு சிலவற்றில் ‘இது ஏமாற்று’ எனச் சலித்துக்கொள்கிறார். இவ்வேறுபாடு எதனால் தோன்றுகிறது? அறிவோம், வாருங்கள்.

காரணம் தேடும் மனம்

உண்மையான கொல்லரின் உலைக்களத்திலும் எல்லா முயற்சிகளும் ஒரே பயனைத் தருவதில்லை. எனினும், அங்கு ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு. இரும்பில் கார்பனின் அளவு கூடினால் உருக்கு கடினமாகும். அளவு மிகுந்தால் எளிதில் உடையும். பழுக்கக் காய்ச்சிய உருக்கை நீரில் தோய்க்கும்போது விரிசல் விழுவதும் உண்டு. முடிவைக் கொல்லர் முன்கூட்டியே உறுதியாகக் கூற இயலாது. ஆயினும், நேர்ந்தபின் அதன் காரணத்தை அவரால் ஊகிக்க இயலும்.

கணினியில் நெருப்பும் இல்லை, இரும்பும் இல்லை. நிரல் தற்செயலாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. அவ்வெண்ணே முடிவைத் தீர்மானிக்கிறது. இது பகடை உருட்டுவதை ஒத்தது. விளையாடுபவரின் கண்ணுக்குப் பகடை மட்டுமே தெரிந்தால், அவர் மனத்திலிருந்து பட்டறை மறைந்துவிடும். எனவே, தேர்ந்த வடிவமைப்பாளர்கள் தற்செயலுக்கு ஒரு காரணத்தையும் இணைத்துக் காட்டுகின்றனர்.

மைன்கிராஃப்ட் காட்டும் வழி

ஸ்வீடன் நாட்டில் உருவான மைன்கிராஃப்ட் விளையாட்டில், கருவிகளுக்கு மந்திர ஆற்றல் ஊட்டும் மேசை ஒன்று உண்டு. அதனைச் சுற்றிப் புத்தக அலமாரிகளை அடுக்கினால் உயர்ந்த ஆற்றல்கள் கிட்டும். 15 அலமாரிகள் இருந்தால் முழுப்பயன் விளையும். கிடைக்கவிருக்கும் ஆற்றல்களுள் ஒன்றன் பெயர் முன்னரே காட்டப்படும். உடன் வேறு எவையேனும் சேருமா என்பது மறைவாகவே இருக்கும்.

பொருளின் இயல்பும் இங்குக் கருதப்படுகிறது. பொன்னால் ஆன கருவி விரைவில் தேய்ந்துபோகும். ஆனால், மந்திரத்தை ஏற்கும் தன்மை வைரக் கருவியைவிட அதற்கு மிகுதி. மேலும், பட்டடைக்கல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அது சேதமடைய 12 விழுக்காடு வாய்ப்புண்டு. சேதமடைந்த கல்லில் விரிசல்கள் தெரிவதால், அது ஒருநாள் உடையும்போது விளையாடுபவர் திகைப்பதில்லை.

கணக்கும் மனமும்

வெற்றி வாய்ப்பு நான்கில் ஒன்று எனில், நான்கு முயற்சிகளில் ஒருமுறையேனும் வெல்லலாம் என மனம் நம்புகிறது. கணக்கோ வேறு கூறுகிறது. ஒருமுறை தோற்கும் வாய்ப்பு 3/4. நான்கு முறையும் தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 81/256. அதாவது ஏறத்தாழ 32 விழுக்காடு. மூவருள் ஒருவர் நான்கு முறையும் தோற்கக்கூடும்!

2002ஆம் ஆண்டு வெளியான வார்கிராஃப்ட் 3 விளையாட்டு, போர்க்களத்தில் இதற்கு ஒரு தீர்வு கண்டது. சில தாக்குதல்களில், ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அடுத்த முறைக்கான வாய்ப்பு சிறிது உயரும். வென்றதும் பழைய நிலைக்குத் திரும்பும். இம்முறை பட்டறைக்கும் பொருந்தும். தோல்வியிலும் கொல்லர் கைப்பழக்கம் பெறுகிறார் என்பது எவரும் நம்பக்கூடிய காரணமன்றோ?

பணம் நுழையும் இடம்

சில விளையாட்டுகள் தற்செயல் முயற்சிகளைப் பணத்துக்கு விற்கின்றன. தீப்பொறி பறக்கும், சுத்தியல் ஒலிக்கும். வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்பது மட்டும் மறைக்கப்படும். அங்கே அழகிய காட்சி ஏமாற்றுக்குத் திரையாகிறது. வாய்ப்பின் அளவை வெளியிட வேண்டும் என்னும் விதி சீனாவில் 2017இல் நடைமுறைக்கு வந்தது. பணம் செலுத்தித் திறக்கும் பரிசுப்பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என 2018இல் பெல்ஜியம் அறிவித்தது.

ஆகவே, விளையாடும் முன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. வாய்ப்பின் அளவு தெரிகிறதா? நம் உழைப்பால் அதனை உயர்த்த இயலுமா? தோற்றால் இழப்பது விளையாட்டுப் பொருளையா, வீட்டுப் பணத்தையா?

சொற்பொருள்

உலைக்களம் – கொல்லர் பணிசெய்யும் இடம்
உருக்கு – எஃகு
பட்டடைக்கல் – கொல்லர் பொருளை வைத்து அடிக்கும் அடிக்கல்
நிரல் – கணினிக்கான கட்டளைத் தொகுப்பு

மதிப்பீடு

1. கொல்லரின் தோல்விக்கும் கணினியின் தற்செயலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பட்டடைக்கல்லில் விரிசல் தெரிவதன் பயனை விளக்குக.
3. பகடையை நான்கு முறை உருட்டுக. ஒருமுறையேனும் ஆறு விழுந்ததா? இதனைப் பத்து முறை செய்து அட்டவணைப்படுத்துக.