கணினியில் ஒரு கிரிக்கெட் மட்டை

இயந்திரவியல் டிப்ளமோ படித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். வரைபட வகுப்பில் என்ன போட்டீர்கள் என்றால் பிளம்மர் பிளாக், நக்கிள் ஜாயின்ட், ஸ்க்ரூ ஜாக் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. புத்தகத்தில் உள்ள அளவைத் தட்டினால் படம் வந்துவிடும், மதிப்பெண்ணும் வந்துவிடும். அந்த அளவு ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி மட்டும் வராது.

கணினி வழி வடிவமைப்பை, தொழிலில் இருப்பவர்கள் பேச்சில் 'கேட்', சொந்தமாகக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு ஒரு நல்ல முதல் பாடம் கிரிக்கெட் மட்டை. வீட்டில் ஒன்று கிடக்கும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கிடக்கும். ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம். தட்டையான முகம், வளைந்த முதுகு, உருண்ட கைப்பிடி, இரண்டு மரத்துண்டுகள் சேரும் பொருத்து என்று கற்க வேண்டியவை பெரும்பாலும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. அதோடு, அதன் அளவுகளுக்குச் சட்டமும் உண்டு.

1771இல் இங்கிலாந்தில் தாமஸ் ஒயிட் என்ற ஆட்டக்காரர் விக்கெட்டையே மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையோடு களம் இறங்கினார். ஹாம்பில்டன் அணியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதன்பின் மட்டையின் அகலம் நாலேகால் அங்குலம் என்று முடிவானது. இன்றும் அதே எல்லைதான்: 10.8 செ.மீ. மொத்த நீளம் 96.52 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மட்டைகள் தடித்துக்கொண்டே போனதால், விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 2017இல் இன்னும் இரண்டு எல்லைகளைச் சேர்த்தது. மட்டையின் தடிமன் 6.7 செ.மீ.க்குள், விளிம்பு 4 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இந்த எல்லைகளைக் கணினியிடம் சொல்வதில்தான் கேட் தொடங்குகிறது. இவான் சதர்லாந்து 1963இல் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' இந்தத் துறையின் முன்னோடி. திரையில் ஒளிப்பேனாவால் கோடு போட முடிந்தது மட்டும் அதன் சிறப்பு அல்ல. இந்தக் கோடும் அந்தக் கோடும் இணை, இவை இரண்டும் சம நீளம் என்று சொன்னால் அது தானே கோடுகளைத் திருத்திக்கொண்டது. இப்படிச் சொல்லும் நிபந்தனைக்கு இன்றைய மென்பொருள்களில் 'கன்ஸ்ட்ரெய்ன்ட்' என்று பெயர்.

'ஃப்ரீகேட்' என்ற இலவச மென்பொருளில் மட்டையின் முகத்தைப் போட்டுப் பார்ப்போம். ஸ்கெட்ச் திறந்து ஒரு செவ்வகம் இழுக்கிறோம். எத்தனை கவனமாக இழுத்தாலும் அதற்கு இன்னும் நான்கு விதமான சுதந்திரம் இருக்கிறது: பக்கவாட்டில் நகரலாம், மேலும் கீழும் நகரலாம், அகலம் மாறலாம், உயரம் மாறலாம். அடிக்கோடு கிடைமட்ட அச்சின் மேல் இருக்கட்டும் என்கிறோம், ஒன்று போயிற்று. நிலைக்குத்து அச்சுக்கு இருபுறமும் சரிசமமாக இருக்கட்டும் என்கிறோம், இன்னொன்றும் போயிற்று. அகலம் 108 மி.மீ., உயரம் 560 மி.மீ. என்று கொடுத்ததும் வெள்ளையாக இருந்த கோடுகள் பச்சையாகின்றன. இனி அந்தச் செவ்வகம் அசையாது. பச்சை வராமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பின்னால் வரும் தலைவலி பாதி குறையும்.

அடுத்து, அந்தச் செவ்வகத்தைச் சட்டம் அனுமதிக்கும் 67 மி.மீ. தடிமனுக்கு அப்படியே எழுப்பிப் பாருங்கள். கனஅளவு சுமார் 4,050 கன செ.மீ. என்று மென்பொருள் காட்டும். வில்லோ மரத்தின் அடர்த்தியை கன செ.மீ.க்கு 0.42 கிராம் என்று வைத்தால், இந்தக் கட்டையின் எடை 1.7 கிலோ. கைப்பிடி இன்னும் சேரவில்லை. கடையில் வாங்கும் முழு அளவு மட்டையோ கைப்பிடியோடு சேர்த்தே ஒன்றேகால் கிலோவை ஒட்டி நிற்கிறது. அப்படியானால் ஏறத்தாழ பாதி மரம் எங்கே போயிற்று?

கையில் இருக்கும் மட்டையைத் திருப்பிப் பார்த்தால் விடை தெரியும். நடுவில் முதுகு மேடாக எழுந்து, இரு விளிம்புகளை நோக்கிக் குழிந்து இறங்குகிறது. பந்து நன்றாகப் படும் இடத்தில் பருத்து, தோளுக்கும் அடிநுனிக்கும் போகப் போக மெலிகிறது. மரத்தைத் தேவையான இடத்தில் விட்டு மற்ற இடத்தில் செதுக்கி எடுத்திருக்கிறார்கள்.

இந்த முதுகைப் பெற 'லாஃப்ட்' என்ற கட்டளை உதவும். கட்டையை மறந்துவிட்டு, மட்டையை மூன்று இடத்தில் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று வரைய வேண்டும். தோளில் ஒன்று, அடியிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் பருத்த இடத்தில் ஒன்று, அடிநுனியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஐந்து கோடுகள்: முகத்துக்கு ஒன்று, விளிம்புகளுக்கு இரண்டு, முதுகின் குழிவுகளுக்கு இரண்டு வளைவுகள். பருத்த இடத்தில் விளிம்பு 38, முதுகு 63 மி.மீ. என்று கொடுத்தால் சட்டத்துக்குள் நிற்கலாம். மூன்றையும் தேர்ந்தெடுத்து லாஃப்ட் கொடுத்தால் இடைப்பட்ட பரப்பை மென்பொருளே இழைத்துவிடும். ஒரு வெட்டில் ஐந்து கோடும் இன்னொன்றில் ஆறும் இருந்தால் பரப்பு முறுக்கிக்கொள்ளும். கோடுகளின் எண்ணிக்கை எல்லா வெட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இத்தகைய வளைவுகளுக்கான கணக்கு பிரான்சின் கார் தொழிற்சாலைகளில் பிறந்தது. சிட்ரோயனில் பால் டி காஸ்டெல்ஜோவும் ரெனோவில் பியர் பெசியேயும் காரின் உடலை வடிக்க அதைத் தனித்தனியே உருவாக்கினார்கள்.

கைப்பிடி தனிப் பாகம். பிரம்பால் ஆன அது, 'வி' வடிவ ஆப்பாக வில்லோவுக்குள் இறங்கி ஒட்டப்பட்டிருக்கும். எனவே கைப்பிடியைத் தனியே வரைந்து, அதன் ஆப்பு வடிவத்தை மட்டையிலிருந்து கழித்தால் பொருத்து தயார். முனைகளை உருட்டும் 'ஃபில்லட்' வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே உருட்டிவிட்டால், பின்னால் ஓர் அளவை மாற்றும்போது முறிவது பெரும்பாலும் அந்த இடம்தான்.

அளவை மாற்றுவது என்றதும் கேட்டின் உண்மையான பலன் புரியும். நீளம், அகலம், முதுகின் உயரம் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் எழுதி, ஸ்கெட்சுகளை அதோடு இணைத்துவிட்டால் சிறுவர் மட்டைக்கு மறுபடி வரைய வேண்டியதில்லை. எண்களை மாற்றினால் மட்டை தானே சுருங்கும். முழு அளவு மட்டையில் கைப்பிடி மொத்த நீளத்தில் 52 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியைக்கூட அட்டவணையில் சூத்திரமாக எழுதலாம். சுருங்கும்போது மாடல் உடைந்தால், எந்தப் படியை எதன்மேல் கட்டினோம் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். ஸ்கெட்சுகளை மாறிக்கொண்டிருக்கும் பரப்புகளின் மேல் ஒட்டாமல் அடிப்படைத் தளங்களில் வைத்தவருக்கு இந்தத் தொல்லை குறைவு. 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 இந்தச் சிக்கலைப் பெருமளவு தணித்திருக்கிறது.

கடைசியாக ஒரு பரிசோதனை. மட்டை விதிக்குள் இருக்கிறதா என்று பார்க்க, துளையிட்ட ஓர் அளவுத் தகட்டுக்குள் அதை நுழைத்துப் பார்ப்பார்கள். அந்தத் தகட்டையும் வரைந்து, மட்டையின் பருத்த பகுதி துளைக்குள் வரும்படி வைத்து, இரண்டுக்கும் பொதுவான கனஅளவைக் கேளுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் அந்த இடத்தில் மட்டை தேறிவிட்டது.

ஒன்றை மட்டும் கணினியிடம் எதிர்பார்க்கக் கூடாது. வில்லோவின் ரேகை எப்படி ஓடுகிறது, முகத்தை எவ்வளவு அழுத்தி இறுக்கியிருக்கிறார்கள் என்பது இந்த மாடலுக்குத் தெரியாது. பந்து பட்டதும் எழும் ஓசையைக் கேட்டு மட்டையின் தரத்தைச் சொல்லும் கைவினைஞரின் இடத்தை அது பிடித்துவிடாது.

ஆனாலும் ஒரு மட்டையை முழுதாக வரைந்து முடித்தவர், எந்த அளவு சட்டத்தால் வந்தது, எது எடையால் வந்தது, எது கைக்காக வந்தது என்று பிரித்துச் சொல்வார். பிறகு பிளம்மர் பிளாக்கைக் கொடுத்தாலும் அதே கேள்விகளைக் கேட்பார். ஃப்ரீகேட்டுக்குக் கட்டணம் இல்லை, தமிழ்நாட்டில் மட்டைக்கும் பஞ்சமில்லை. ஒரு ஸ்கேலோடு உட்கார்ந்து, முதலில் அகலத்தை அளந்து எழுதுங்கள்.